கணக்கு வகுப்பில் சமூக நீதி

கேள்வி: சமூக நீதிப் பிரச்சினைகளைக் கொண்டே கணிதம் கற்பிக்கும் முறை அமெரிக்கப் பள்ளிகள் சிலவற்றில் இருப்பதாக அறிகிறேன். இதனால் கணக்கு பின்னுக்குப் போய், வகுப்பறை அரசியல் மேடையாகிவிடாதா?

பதில்: ஆசிரியர் கணக்கைக் கைவிட்டால் ஆகிவிடும், இல்லையேல் ஆகாது. எடுத்துக்காட்டாக, வகுப்பில் இந்த எண்களைக் கொடுப்போம்: அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பின மக்களில் வாக்காளராகப் பதிவு பெற்றிருந்தோர் 1964இல் 6.7 சதவீதம், 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தபின், 1967இல் 59.8 சதவீதம். உயர்வு எவ்வளவு என்று கேட்டால் ஒரு மாணவர் 53.1 என்பார், இன்னொருவர் ஏறத்தாழ ஒன்பது மடங்கு என்பார். இரண்டும் சரியே: முன்னது சதவீதப் புள்ளிகளின் வேறுபாடு, பின்னது விகிதம். அதே காலத்தில் வெள்ளையர் பதிவு 69.9இலிருந்து 91.5 ஆனதையும் சேர்த்துக் கொடுத்தால், 63.2 புள்ளியாக இருந்த இடைவெளி 31.7 ஆகப் பாதியாய்ச் சுருங்கியதை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள். விடையை முன்பே முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற எண்களைத் தேடும் ஆசிரியரிடம்தான் எனக்கு அச்சம் (அத்தகையவர் கையில் வட்டிக் கணக்கும் பிரசங்கமாகிவிடும்).

அம்மாநிலத்தில் வாக்காளர் பதிவுக்காக உழைத்த பாப் மோசஸ், இயற்கணிதம் மறுக்கப்படுவதை வாக்குரிமை மறுப்புக்கு இணையாகவே கருதி, 1982இல் ‘அல்ஜீப்ரா புராஜெக்ட்’ என்ற கணிதக் கல்வித் திட்டத்தைத் தொடங்கினார். பாஸ்டன் பகுதியின் சுரங்க ரயிலில் மாணவர்களைப் பயணம் செய்யவைத்து, நிலையங்களின் திசையையும் தொலைவையும் கொண்டு மிகை எண், குறை எண்களைக் கற்பித்த அவருடைய பாடத்தில், கணக்கு ஓரிடத்திலும் பின்னுக்குப் போகவில்லை.