ஜூனில் கத்தார் போகிறார் வீட்டுக்காரர்: எதற்குப் பயப்பட வேண்டும்?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 45 வயது. கம்பி கட்டும் வேலை. ஜூன் முதல் வாரம் கத்தார் போகிறார். நான்கு வருடமாக சுகர், பிரஷர் இரண்டும் இருக்கிறது. டெல்மிசார்ட்டான் எச், மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். முதுகுவலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கி தினமும் போட்டுக்கொள்கிறார். அங்கே தண்ணீரில் முடி கொட்டுமாம், ஏசியில் படுத்தால் கைகால் இழுத்துக்கொள்ளுமாம், ஒட்டகத்தால் காய்ச்சல் வருமாம், கிட்னியில் கல் வருமாம். யூடியூபில் ஒருவர் உப்பு மாத்திரை எடுத்துப் போகச் சொல்கிறார், வெயில் காலத்தில் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறார். எங்கள் தெருவிலிருந்து போன 38 வயதுக்காரர் போன ஆடியில் அங்கே தூக்கத்திலேயே இறந்துவிட்டார். அவருக்கு எந்த வியாதியும் கிடையாது.
ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் அதை எழுதத் தயங்கி எழுதியவை என்று எனக்குப் படுகிறது.

பெட்டியோடு வந்த காகிதத்தில் ‘இதய நிறுத்தம்’ என்று போட்டிருப்பார்கள். இதயம் நிற்காமல் யாரும் சாவதில்லை. ஏன் நின்றது என்பதை அந்தச் சொல் சொல்லாது. 2009 முதல் 2017 வரை கத்தாரில் இறந்த 1,300க்கும் மேற்பட்ட நேபாளத் தொழிலாளர்களின் விவரத்தை ஒரு மருத்துவ ஆய்வு எடுத்துப் பார்த்தது. வெயில் கடுமையான மாதங்களில் இதயம் சார்ந்த சாவுகள் கூடியிருந்தன. பலரும் இளம் வயது, நல்ல உடம்போடு விமானம் ஏறியவர்கள். ஆகவே நீங்கள் பயப்படுவதில் தவறில்லை. ஆனால் வெப்பத்தால் வரும் சாவு பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் வருகிறது. அது சொல்வதைப் பக்கத்தில் இருப்பவர் புரிந்துகொண்டால் ஆளைக் காப்பாற்றிவிடலாம்.

“நம்ம ஊரில் பார்க்காத வெயிலா” என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்லியிருப்பார். என்னிடம் வரும் எல்லோரும் சொல்வதுதான். சரி, அக்னி நட்சத்திரத்தில் நம் ஆட்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள். விடியும் முன்பே வயலில் இறங்குகிறார்கள். எட்டரைக்கு வெங்காயம் கடித்துப் பழையது. பதினோரு மணிக்குக் கரையேறிவிடுகிறார்கள். அப்புறம் வேப்பமர நிழல், ஒரு செம்பு மோர், மூன்றரை வரைக்கும் படுக்கை. இவ்வளவு நாள் காப்பாற்றியது இந்த நேர ஒழுங்குதான். அங்கே வேலை நேரம் அவர் கையில் இல்லை, ஃபோர்மேன் கையில் இருக்கிறது.

வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். அதற்குள் வியர்வை சீக்கிரம் சுரக்கவும் அதில் உப்பு குறைவாகப் போகவும் உடம்பு கற்றுக்கொள்கிறது. ரத்தத்தில் நீர் கூடுகிறது, நாடித்துடிப்பு நிதானமாகிறது. அதற்கு முன் முழு வேலை செய்பவர்தான் விழுகிறார். வெப்பத்தால் வேலையிடத்தில் இறப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் முதல் நாளே இறக்கிறார்கள், 70 சதவீதத்துக்கு மேல் முதல் வாரத்துக்குள் என்கிறது அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்புத் துறை. அதனால் புதிதாகச் சேருபவருக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான் வெயிலில் வேலை, பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு பங்கு கூட்டலாம் என்பது அந்தத் துறை சொல்லும் கணக்கு.

நம் பக்கத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. விசா வந்த நாளிலிருந்து வேலைக்குப் போவது நின்றுவிடுகிறது. ஒரு மாதம் ஏஜென்ட் ஆபீஸ், சொந்தக்காரர் வீட்டு விருந்து, மத்தியானத் தூக்கம். ஏற்கெனவே பழகியிருந்த உடம்பு அதையும் மறந்து, ஜூன் மாதம் தோஹாவில் போய் இறங்குகிறது. பயணத்தைச் செப்டம்பர் கடைசிக்குத் தள்ளிப்போட வழி உண்டா என்று ஏஜென்டிடம் ஒரு முறை கேட்டே விடுங்கள். முடியாதென்றால், கிளம்பும் வாரம் வரை காலை நேரத்தில் அவர் வெயிலில் வேலைக்குப் போகட்டும். கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து மாலை 3.30 வரை வெட்டவெளி வேலை கூடாது என்று சட்டமே இருக்கிறது. வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று நான்கையும் சேர்த்து அளக்கும் கருவி 32.1 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும் என்பதும் 2021 முதல் விதி. அவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் கடலோர ஊர் அது. பொழுது சாய்ந்த பிறகும் ஆகஸ்டில் புழுக்கம் விடாது, வியர்வை காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது.

வெப்பச் சாவு சொல்லிவிட்டு வருகிறது என்றேனே, அது சொல்லும் அந்த ஒரே அடையாளத்துக்கு இப்போது வருகிறேன்.

ஒரு மே மாதம் பருத்தி மூட்டை ஏற்றும் தொழிலாளி ஒருவரை என்னிடம் கொண்டுவந்தார்கள். பதினொன்றரை மணிக்கே அவர் பேச்சு மாறியிருக்கிறது. சட்டையைக் கழற்றி எறிந்திருக்கிறார், இல்லாத மாட்டைத் தேடியிருக்கிறார், லாரி டிரைவரை அடிக்கப் போயிருக்கிறார். “காலையிலேயே ஊத்திட்டு வந்துட்டான்” என்று புளியமரத்தடியில் படுக்கவைத்துவிட்டு மற்றவர்கள் மூட்டை ஏற்றியிருக்கிறார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து வலிப்பு வந்தது. கையில் இரும்புச் சாவியைத் திணித்துத் தூக்கிவந்தார்கள். என் மேசையில் கிடத்தியபோது காய்ச்சல் 107 டிகிரி. முதுகில் வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது. அவர் வாயில் சாராய வாடையே இல்லை. பிழைத்தார், ஆனால் சிறுநீரகம் செயலிழந்து ஆறு வாரம் டயாலிசிஸ் ஓடியது. அந்த ஒன்றரை மணி நேரம் பக்கத்து போர் செட் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அதில் அவரை உட்கார வைத்திருந்தால் போதும். இன்றும் எனக்கு ஆறவில்லை.

வெயிலில் வேலை செய்பவரின் பேச்சு குழறினாலோ, கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, நடை தள்ளாடினாலோ, காரணமில்லாமல் கோபப்பட்டாலோ அது வெப்பத்தாக்கு. தலைவலி, தசைப்பிடிப்பு, வாந்தி வந்தால் நிழலும் தண்ணீரும் ஓய்வும் கேட்கும். புத்தி தடுமாறினால் மூளை சூடாகிவிட்டது என்று அர்த்தம், அதற்குப் பிறகு நிமிடக் கணக்குதான். “வியர்வை நின்றால்தான் ஆபத்து” என்று காத்திருக்காதீர்கள். உழைக்கும்போது விழுபவருக்குப் பெரும்பாலும் வியர்வை நிற்காது.

அந்த நேரத்தில் முதலில் குளிரவைக்க வேண்டும், ஆஸ்பத்திரி அதற்கு அடுத்தது. துணியைக் கழற்றி, கிடைக்கிற தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றிக்கொண்டே விசிற வேண்டும். ஐஸ் இருந்தால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வைக்க வேண்டும். பெரிய தொட்டி இருந்தால் தலையை மட்டும் தாங்கிப் பிடித்து உடம்பை அதில் இறக்கலாம். ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 999க்கு அழைக்க வேண்டும். நினைவு தடுமாறியவர் வாயில் தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது.

இந்த அடையாளம் வந்தவருக்கே தெரியாது. அதனால் இதை அவரிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை. கூடத் தங்குபவர், கூட வேலை செய்பவர் இருவரின் போன் நம்பரை முதல் வாரமே வாங்கி வையுங்கள், அவர்களிடம் நீங்களே சொல்லுங்கள். இரவு போனில் அவர் கேட்டதையே திரும்பக் கேட்டால், பிள்ளை பெயர் தடுமாறினால், “அசதியா இருக்கும், தூங்கட்டும்” என்று வைத்துவிடாதீர்கள். உடனே அந்த நம்பருக்கு அழைத்து எழுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அசதி என்று நினைத்துத் தூங்கவிட்டுத்தான் சிலரை இழந்திருக்கிறோம்.

அடுத்தது, நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போன வலி மாத்திரை. உங்கள் கடிதத்தில் என்னைப் பதறவைத்தது அதுதான், யூடியூப் சொன்ன எதுவும் இல்லை. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் நாம் என்ன செய்வோம்? வயலுக்குள் வரும் மடையை அகலத் திறந்து, வடியும் மடையைக் கொஞ்சம் அடைத்து, உள்ளே தண்ணீரை நிறுத்துவோம். உடம்பில் நீர் குறையும்போது சிறுநீரகமும் அதையேதான் செய்கிறது. டைக்ளோஃபெனாக் உள்மடையை இறுக்குகிறது. டெல்மிசார்ட்டான் வெளிமடையைத் திறந்துவிடுகிறது. அந்த ‘எச்’ என்ற எழுத்து நீர் பிரிய வைக்கும் மருந்து, அது வாய்க்காலிலேயே தண்ணீரைக் குறைக்கிறது. மூன்றும் சேர்ந்து, மேலே தோஹா வெயிலும் சேர்ந்தால் சிறுநீரகம் சில நாளில் நின்றுபோக முடியும். வளைகுடா போய்க் கிட்னி கெட்டுத் திரும்பியவர் என்று கேள்விப்பட்டால் எத்தனை மாத்திரை, யார் எழுதிக்கொடுத்தது என்று நான் முதலில் கேட்பேன்.

டைக்ளோஃபெனாக்கை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும். மெடிக்கல் கடைக்காரர் தினமும் போடக் கொடுக்கும் மாத்திரை இது இல்லை. பிரஷர் மாத்திரையை மட்டும் தானாக நிறுத்தக் கூடாது, வீடியோவில் யார் சொன்னாலும் சரி. கிளம்பும் முன் அந்த நீர் மருந்தை விட்டுவிட்டு வேறு மருந்துக்கு மாற்றலாமா என்று பார்க்க வேண்டும், மாற்றியபின் இரண்டு வாரம் இங்கே பிரஷர் அளக்க வேண்டும். அங்கே வாந்திபேதி வந்து ஒன்றும் தங்காத நாளில் டெல்மிசார்ட்டானையும் மெட்ஃபார்மினையும் போடுவதற்கு முன் மருத்துவரைக் கேட்கட்டும்.

உப்பு மாத்திரை வேண்டாம், பிரஷர்காரருக்கு அது கெடுதல். சாப்பாட்டு உப்பு போதும். இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர், தாகம் எடுக்கும் வரை காத்திருக்கக் கூடாது. லபன் என்ற பெயரில் அங்கே கடையில் மோர் கிடைக்கும், சுகர்காரருக்கு ஜூஸைவிட அது எவ்வளவோ மேல். கல் வராமல் பார்த்துக்கொள்வதும் இதே தண்ணீர்தான்.

முடி கொட்டாது. கடல்நீரைச் சுத்திகரித்துத் தரும் தண்ணீர் அது, முடிக்கு ஒன்றும் செய்யாது. ஏசி கைகாலை இழுக்காது. ஒட்டகக் காய்ச்சல் பற்றி, பச்சை ஒட்டகப் பால் குடிக்காமல், ஒட்டகத்தின் பக்கம் போகாமல் இருந்தால் கம்பி கட்டுபவர் கவலைப்பட வேண்டியதில்லை.

மூட்டை கட்டும்போது ஒரு விஷயம். மாத்திரைகளை அட்டையோடு, மருந்தின் பெயர் தெளிவாக எழுதிய மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். டிரமடால் கலந்த வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து எதுவும் போகக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் “எங்க பையனுக்கு” என்று கொடுக்கும் மருந்துப் பொட்டலத்தை வாங்கவே வேண்டாம். வீட்டில் அரைத்த மசாலாவில் கசகசா இருந்தால் எடுத்துவிடுங்கள். துபாய், ஷார்ஜாவில் அது போதைப்பொருள் கணக்கு, வழியில் அங்கே விமானம் மாறினாலும் சிக்கல்தான்.

இந்த வாரமே கிரியாட்டினின், பொட்டாசியம், மூன்று மாதச் சர்க்கரை அளவு, சிறுநீரில் புரதம், ஒரு ஈசிஜி எல்லாம் பார்த்துவிடுங்கள். காலையில் வெறும் வயிற்றோடு உங்கள் மருத்துவரிடம் போகட்டும், நீங்களும் கூடப் போங்கள். போகும்போது அந்த டைக்ளோஃபெனாக் அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள், அவர் அதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்.