கூண்டுக்குள் கேள்வி-பதில்: எல்லாம் தெரிந்த வீரர் யார்?

கே: எம்.எம்.ஏ. (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்து கூண்டுக்குள் நடக்கும் சண்டை விளையாட்டு) வீரர்களில் எல்லாக் கலையும் கைவந்தவர் என்று யாரைச் சொல்வீர்கள்?

ப: ஒருவரைத்தான் சொல்ல வேண்டும் என்றால், டிமெட்ரியஸ் ஜான்சன். குத்து, உதை, மல்யுத்தம், தரைப்பிடி நான்கும் இன்று பயிற்சிக்கூடத்துக்கு வருகிற எல்லாருக்கும் ஓரளவு தெரியும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிற அந்த அரை நொடியில்தான் ஆள் யார் என்று தெரிகிறது. 2017 அக்டோபரில் ரே போர்க்குடன் நடந்த சண்டையின் ஐந்தாம் சுற்றைப் பாருங்கள். பின்னாலிருந்து இடுப்பைக் கட்டித் தூக்கி எறிகிறார்; போர்க் தரையில் விழுவதற்குள் அவருடைய கை ஜான்சனிடம் சிக்கிவிடுகிறது; விழுந்ததும் ஆர்ம்பார், அதாவது முழங்கையை நீட்டி மடக்கும் பிடி. மற்றவர்களாக இருந்தால் எறிந்து, மேலே ஏறி, அப்புறம்தான் கையைத் தேடியிருப்பார்கள். யு.எஃப்.சி. என்ற பெரிய எம்.எம்.ஏ. அமைப்பின் ஃப்ளைவெயிட் (சின்ன எடைப் பிரிவு) பட்டத்தை அவர் தொடர்ந்து 11-வது முறையாகத் தக்கவைத்த சண்டை அது. ‘சின்ன எடைப் பிரிவுதானே’ என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் உண்டு. அந்த வேகத்தில் யோசிக்கவே நேரம் கிடைக்காது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

கே: முன்னாள் யு.எஃப்.சி. சாம்பியன் ஜார்ஜஸ் செயின்ட் பியர் சிறுவயதில் மல்யுத்தம் பழகியவர் அல்லவே? பிறகு எப்படி மல்யுத்த வீரர்களையே சாய்த்தார்?

ப: அவருக்கு அடிப்படை கியோகுஷின் கராத்தே. தூரத்தை அளந்து பாய்கிற கால் அங்கிருந்து வந்தது. அவருடைய ஜாபும் (முன்கையால் விடும் நேர்க்குத்து) டேக்டவுனும் (எதிராளியைப் பிடித்துக் கீழே சாய்ப்பது) ஒரே மாதிரிதான் தொடங்கும்: முன்கால் அதே நீளம் நகரும், தோள் அதே அளவு இறங்கும். ஜாப் என்று நினைத்துக் கையை உயர்த்தினால் இடுப்பு திறந்துவிடும். டேக்டவுன் என்று நினைத்து இடுப்பைப் பின்னால் இழுத்தால் முகம் முன்னால் வந்துவிடும். 2010 டிசம்பரில் ஜாஷ் கோஸ்செக் மாட்டியது இரண்டாவதில். அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த சாம்பியனான அவர் ஐந்து சுற்றும் ஜாபாக வாங்கி, கண்குழி எலும்பு உடைந்து வெளியேறினார்.

கே: இரண்டு வருடமாகக் குத்துச்சண்டை பழகுகிறேன். எம்.எம்.ஏ.வுக்கு அடுத்து எதைக் கற்க வேண்டும்?

ப: மல்யுத்தம். சண்டை நின்றபடி நடக்குமா, தரையில் நடக்குமா என்பதை முடிவு செய்வது அதுதான். தரையில் பிடிபோட்டுப் பணிய வைக்கும் ஜியு-ஜிட்சு அதற்குப் பிறகு வரட்டும்.

முதலில் நிற்கும் விதத்தை மாற்றுங்கள். குத்துச்சண்டையில் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, முன்காலில் எடை போட்டு நிற்பீர்கள். இங்கே அந்தக் கால் உதைக்கும் பிடிக்கும் இரையாகும். இடுப்பை எதிராளியை நோக்கித் திருப்பி, கால்களைக் கொஞ்சம் அகட்டி, முட்டியை லேசாக மடக்குங்கள். தலையை ஆட்டி ஒதுங்கும் பழக்கத்தையும் குறைக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே குனிந்தால் எதிராளியின் முழங்கால் முகத்துக்கு வரும்.

குத்துச்சண்டைக்காரர்கள் எதிராளியின் காலைப் பிடித்துச் சாய்க்கும் கால்பிடிக்குப் போகும்போது முதுகை வளைத்து, தரையைப் பார்த்தபடி நுழைவார்கள். கழுத்து நீண்டு நிற்கும். எதிராளி அதைக் கக்கத்தில் செருகிக் கில்லட்டின் என்ற கழுத்து நெரிப்புப் பிடியைப் போட்டுவிடுவார். குனியாதீர்கள், முட்டியை மடக்கி உடம்பையே இறக்குங்கள். முன்கால் எதிராளியின் இரு கால்களுக்கு நடுவே போகட்டும், பார்வை மேலே இருக்கட்டும், காது அவர் விலாவில் ஒட்டட்டும், கைகள் முட்டிக்குப் பின்னால் கோக்கட்டும். நேராகத் தள்ளாமல், பக்கவாட்டில் திரும்பி ஓடுங்கள்.

கீழே விழுந்தால் மல்லாந்து கிடக்காதீர்கள். இடுப்பை நகர்த்திக் கூண்டுச் சுவரை அடைந்து முதுகைச் சாய்த்து உட்காருங்கள். ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறுகையை அவர் கக்கத்துக்கு அடியில் நுழைத்து, தோளைச் சுவரில் உரசியபடி எழ வேண்டும். அவர் பிடித்திருக்கும் உங்கள் மணிக்கட்டை விடுவிக்காமல் எழப் பார்த்தால் திரும்பவும் இழுத்துப் போடுவார்.

இவற்றைத் தனித்தனி நாளில் மட்டும் பழகினால் தனித்தனியாகவே நிற்கும். ஜாப், கால்பிடி, 20 நொடி மேலிருந்து அழுத்தம், எழுந்து மறுபடி ஜாப் என்று மூன்று நிமிடம் நிறுத்தாமல் செய்யுங்கள். மூச்சு வாங்கும்போது எந்த இணைப்பு அறுகிறதோ, அதைத்தான் அடுத்த வாரம் பழக வேண்டும்.

கே: கபீப் நூர்மகோமெடோவ் 29 சண்டையிலும் தோற்கவில்லையே, அவர் முழுமையான வீரர் இல்லையா?

ப: தோற்காதது வேறு, முழுமை வேறு. அவரிடம் இருந்தது ஒரே பெரிய ஆயுதம்: கீழே சாய்த்து அழுத்தும் மல்யுத்தம். அதைத் தடுக்க ஆள் இல்லை. அதே பள்ளியில் வந்த இஸ்லாம் மகாச்சேவ்தான் என் கணக்கில் கூடுதல் முழுமை. 2023 அக்டோபரில் வோல்கனோவ்ஸ்கியைத் தலைக்கு விட்ட உதையால் வீழ்த்தினார். 2024 ஜூனில் டஸ்டின் போய்ரியரை ஐந்தாம் சுற்றில் கழுத்துப்பிடியில் பணிய வைத்தார்.

கே: பெண்களில்?

ப: அமாண்டா நூனெஸ். இரண்டு எடைப் பிரிவுப் பட்டங்களை ஒரே நேரத்தில் வைத்திருந்தவர். 2018-இல் கிரிஸ் சைபோர்கை 51 நொடியில் குத்தியே முடித்தார். ஜியு-ஜிட்சுவில் கறுப்புப் பட்டை என்பது பலருக்கு நினைவிலேயே இல்லை.

கே: சுற்றுக்கு மூன்று டேக்டவுன் எடுத்தும் நடுவர்கள் எதிராளிக்கே சுற்றைக் கொடுக்கிறார்களே, நியாயமா?

ப: நியாயம்தான். கீழே போட்டதற்காக மட்டும் மதிப்பெண் இல்லை. போட்ட பிறகு அடித்தீர்களா, பிடிபோட்டு அச்சுறுத்தினீர்களா என்றுதான் பார்ப்பார்கள். கட்டிப்பிடித்துப் படுத்திருந்தால், கீழே இருந்தபடி முழங்கையால் அடித்தவர் பக்கம் சுற்று போய்விடும்.