நாற்பது கிணறும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

அன்புள்ள ஐயா,

நாங்கள் நிலாவெளிப் பக்கத்து இளைஞர் கழகம் ஒன்றைச் சேர்ந்தவர்கள். மாரி வெள்ளம் வற்றியதும் கிராமத்துக் கிணறுகளை இறைத்துத் துப்புரவு செய்யச் சிரமதானம் வைக்கப் போகிறோம். மொத்தம் 40 கிணறுகள். 2 இஞ்ச் வாட்டர் பம்ப் இரண்டு கிடைத்திருக்கிறது, முப்பது பேர் வருவார்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிக்க நினைக்கிறோம். போன வருடமும் இப்படித்தான் செய்தோம். அப்போது ஒரு வீட்டுக் கிணற்றின் சீமெந்து வளையம் சரிந்துவிட்டது. கடற்கரையோரம் நாலைந்து கிணறுகள் உவர்த்துப் போனதாகச் சனங்கள் இன்னும் குறைப்படுகிறார்கள். ப்ளீச்சிங் பவுடரைக் கிணற்றுக்கு இரண்டு பிடி என்று போட்டோம். சில வீடுகளில் மணம் தாங்காமல் ஒரு கிழமை தண்ணீர் எடுக்கவில்லை, சில வீடுகளில் மணமே இருக்கவில்லை. இம்முறை பிழை விடாமல் செய்ய வழி சொல்லுங்கள்.

ஒரு வாசகர், நிலாவெளி

அன்புள்ள தம்பி,

நடந்த பிழைகளை ஒளிக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் பதில் சொல்வது சுலபமாகிறது. மூன்று பிழைக்கும் வேர் ஒன்று: 40 என்ற எண்ணிக்கை. ஒரு பம்புக்கு 20 கிணறு என்றால், பம்பைத் தூக்கிக்கொண்டு நடக்கும் நேரமும் சேர்த்து ஒரு கிணற்றுக்கு அரை மணித்தியாலம்தான் வரும். அந்த அவசரத்தில் யார் செய்தாலும் இதுதான் நடக்கும். இம்முறை 8 கிணறு எடுங்கள், அந்த எட்டுக்கும் நாலு தடவை போங்கள். அளக்க ஒரு நாள், இறைத்து ப்ளீச்சிங் பவுடர் மருந்து போட ஒரு நாள், மறுநாள் மருந்துத் தண்ணீரை வெளியேற்ற, பிறகு ஏழாம் நாள் பரிசோதிக்க. மிச்சக் கிணறுகளை அடுத்தடுத்த கிழமைகளுக்கு விடலாம்.

வளையம் சரிந்ததற்குக் காரணம் பழைய சீமெந்து மட்டுமல்ல. 2 இஞ்ச் பம்ப் நிமிடத்துக்கு 400, 500 லீற்றர் இழுக்கும். 6 அடி விட்டமும் 8 அடித் தண்ணீரும் உள்ள கிணறு கால் மணித்தியாலத்தில் வெறுங்கிணறாகிவிடும். மாரி முடிந்த கையோடு சுற்றியுள்ள மணல் முழுவதும் நீரேறி நிற்கும். உள்ளே தண்ணீர் இல்லை, வெளியே இருக்கிறது. அந்த அழுத்தம் வளையத்தை உள்ளே தள்ளுகிறது, அடியிலிருந்து மணலும் குமிழியிட்டுப் பொங்கி வரத் தொடங்குகிறது. அந்த மணல் போன இடம் வளையத்தின் அடியில் பொந்தாகிறது, வளையம் ஒரு பக்கம் இறங்குகிறது. ஆகவே நீர்மட்டத்தை ஒரே மூச்சில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறக்க வேண்டாம். பம்பின் வேகத்தைக் குறைத்து இறையுங்கள், ஊற விடுங்கள், மறுபடி இறையுங்கள். தண்ணீரோடு மணல் வரத் தொடங்கினால் அந்தக் கணமே நிறுத்துங்கள். முற்றத்தில் இன்னும் வெள்ளம் நின்றால் அந்தக் கிணற்றைத் தொடவே வேண்டாம். இறைத்த தண்ணீரையும் கிணற்றடியில் விடக்கூடாது, அது மணலுக்குள்ளால் வடிந்து திரும்ப உள்ளே வந்துவிடும். குழாயைக் குறைந்தது 50 அடி தள்ளி, பள்ளமான பக்கம் கொண்டுபோய் விடுங்கள்.

உவர்த்ததுதான் எனக்கு அதிகம் கவலை தருவது, ஏனென்றால் சரிந்த வளையத்தைப் புதிதாக இறக்கலாம், உப்பை அப்படி எடுக்க முடியாது. நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் ஒரு புறம் கடல், மறுபுறம் உப்பளமும் களப்பும். நடுவில் இருக்கும் மணல் திட்டில் மழைத்தண்ணீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு உப்புநீரை அது அமுக்கி வைத்திருக்கும். மேலே நீங்கள் இறக்கும் ஒவ்வொரு அடிக்கும் கீழேயுள்ள உப்பு பல மடங்கு மேலேறப் பார்க்கும். பம்பை நிறுத்தினால் மேல்மட்டம் அரை நாளில் பழையபடி வந்துவிடும், ஏறிய உப்பு அப்படி உடனே இறங்காது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு கிழக்குக் கரையில் நல்ல மனத்தோடு வந்த பலர் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். உப்புக் குறையவில்லை, சில இடங்களில் கூடியது. அந்தக் கிணறுகளைத் தேற்றியது பின்னால் பெய்த மாரி மழைதான்.

எனவே முதல் நாள் பம்ப் இல்லாமல் போங்கள். கையில் நாடா அளவுகோல், கல் கட்டிய கயிறு, உப்பைக் காட்டும் சிறிய மின்கடத்துதிறன் மானி, ஒரு கொப்பி. ஒவ்வொரு கிணற்றின் விட்டம், நீராழம், உப்பு அளவு, மலசலகூடக் குழி எத்தனை அடி தூரம் என்று எழுதுங்கள். தண்ணீர் அள்ளும் பெண்களிடம் கேட்டு எழுதுங்கள்: கச்சான் என்ற வறண்ட மேல்காற்று வீசும் மாதங்களில் எந்தக் கிணறு உவர்க்கும், எது வற்றும், எதில் பருப்பு வேகாது. மானி காட்டாததை அவர்கள் சொல்வார்கள். கச்சானில் உவர்க்கும் கிணறென்றால் பம்ப் வேண்டாம், வாளியால் மட்டும் இறையுங்கள். மற்றவற்றிலும் இறைக்கும்போது கால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மானியைப் பாருங்கள். எண் ஏறத் தொடங்கினால் அங்கேயே நிறுத்த வேண்டியதுதான், தண்ணீர் இன்னும் கலங்கலாக இருந்தாலும் சரி.

இனி மருந்து. இரண்டு பிடி என்பது அளவே அல்ல, கிணற்றுக்குக் கிணறு தண்ணீர் வேறு. கணக்கு இது: விட்டம் அடியில், அதை அதனாலேயே பெருக்கி, நீராழத்தால் பெருக்கி, 22ஆல் பெருக்கினால் லீற்றர் வரும். 6 அடி விட்டம், 8 அடி ஆழம் என்றால் 6 × 6 × 8 × 22, அதாவது 6,336 லீற்றர். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு 1,000 லீற்றருக்கு 33 சதவீதம் குளோரின் உள்ள ப்ளீச்சிங் பவுடர் 150 கிராம். ஆகவே இந்தக் கிணற்றுக்கு ஏறத்தாழ 950 கிராம். இதே வேலைக்கு 70 சதவீதம் குளோரின் உள்ள குருணி மருந்து கிடைத்தால் 1,000 லீற்றருக்கு 70 கிராம் போதும். பையில் உள்ள சதவீதத்தைப் பார்க்காமல் ஒன்றின் அளவை மற்றதற்குப் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. மணமே வராத வீடுகளில் இரண்டில் ஒன்று நடந்திருக்கும்: வாய் திறந்து கிடந்த பையில் குளோரின் பறந்துபோயிருக்கும், அல்லது சேறு அகற்றாத கிணற்றில் சேறே குளோரினைத் தின்றிருக்கும். அதனால் முதலில் மிதக்கும் குப்பையை வலையால் அள்ளி, உட்சுவரைத் தும்புத்தடியால் தேய்த்து, கலங்கலைக் குறைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை வாளியில் தண்ணீரை நிரப்பி அடியில் ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியைப் போடுங்கள். குற்றி தெளிவாகத் தெரிந்தால் மருந்து போடலாம்.

பவுடரை நேரே கிணற்றில் கொட்டாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் வாளிக்கு 100 கிராம் எடுத்து, கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தோசை மாப் பதத்துக்குக் குழைத்து, பிறகு முக்கால் வாளிக்குத் தண்ணீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் அடைய விடுங்கள். மேலே நிற்கும் தெளிவை மட்டும் வேறு வாளிக்கு மாற்றுங்கள். அடியில் தங்கும் வெள்ளைக் குழம்பு சுண்ணாம்பு, அதைக் கிணற்றில் விட்டால் தண்ணீர் கடினமாகிச் சவர்க்காரம் நுரைக்காது. தெளிவை உட்சுவர் நனைய ஊற்றி, வாளியைக் கயிற்றில் இறக்கி மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைத்துக் கலக்குங்கள். கையுறை, மூக்கை மூட முகக்கவசம், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். மலசலகூடம் கழுவும் அசிட் பட்ட வாளியைப் பாவிக்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். நிலத்தில் இரும்பு கூடிய இடங்களில் மருந்து பட்டதும் தண்ணீர் துரு நிறமாகும். அது இரும்பு பிரிந்து வருவது, ஓரிரு நாளில் படிந்துவிடும் என்று வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கிணற்றில் நுளம்புக் குடம்பியைத் தின்ன மீன் விட்டிருந்தால் முதலில் பிடித்துப் பீப்பாயில் விடுங்கள். குளோரின் அவற்றைக் கொன்றுவிடும்.

ஒன்றை மிகக் கண்டிப்பாகச் சொல்கிறேன். யாரையும் கிணற்றுக்குள் இறக்க வேண்டாம். பெற்றோல், மண்ணெண்ணெய் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவே வேண்டாம். உங்கள் பக்கம் நீர்மட்டம் ஆழமில்லை, மேலே வைத்தே 20 அடி வரை உறிஞ்சும். எஞ்சின் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு (கார்பன் மோனாக்சைடு) என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இறங்கினவர் மயங்க, தூக்கப் போனவரும் மயங்குவார். மெழுகுதிரி இறக்கிப் பார்ப்பது ஒட்சிசன் குறைவைக் காட்டலாம், இந்த வாயுவைக் காட்டாது.

மருந்து போட்ட கிணற்றை ஓர் இரவு, குறைந்தது 12 மணித்தியாலம் தொடக்கூடாது. ஆகவே ஒரே ஒழுங்கையில் எல்லாக் கிணற்றுக்கும் ஒரே நாளில் போடாதீர்கள். இரண்டுக்குப் போட்டால் மூன்றாவதை அயலுக்கு விட்டு வையுங்கள். குழந்தைகளும் நோயாளிகளும் உள்ள வீடுகளுக்கு முதல் நாளே பீப்பாய் நிரப்பிக் கொடுங்கள். பிரதேச சபையின் தண்ணீர் பவுசருக்குக் கிராம உத்தியோகத்தர் மூலம் முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

மறுநாள் மெதுவாக இறைத்து, குளோரின் பார்க்கும் பட்டித்தாளில் லீற்றருக்கு 0.5 மில்லிகிராமுக்குக் கீழே வரும்வரை ஊற விட்டு இறையுங்கள். அந்தத் தண்ணீரைக் களப்பிலோ தோட்டத்திலோ விடாதீர்கள். ஏழாம் நாள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்து மாதிரி எடுப்பியுங்கள். முடிவு வரும்வரை கொதித்தாறிய நீர்தான். ஒரு கிணற்றில் கிருமி மறுபடி வந்தால் இன்னொரு கிலோ பவுடருக்கு ஓடாமல் கொப்பியைத் திறந்து மலசலகூடத் தூரத்தைப் பாருங்கள். மணல் நிலத்தில் 50 அடிக்குள் குழி இருந்தால் எத்தனை தடவை மருந்து போட்டாலும் திரும்ப வரும். அந்த வீட்டுக்குச் செய்ய வேண்டிய சிரமதானம் குழியை இடம் மாற்றுவது.

போன வருடம் உவர்த்த அந்த நாலைந்து கிணறுகளையும் இப்போதே மானியால் அளந்து எழுதி வையுங்கள். ஆவணியில், கச்சான் உரக்க வீசும்போது திரும்ப அளந்து இரண்டு எண்ணையும் எனக்கு அனுப்புங்கள். எவற்றுக்கு இனிப் பம்ப் வைக்கவே கூடாது என்று சேர்ந்து பார்த்து முடிவெடுக்கலாம்.