நாலில் ஒன்றும் என் டீம் இல்லை

வணக்கம் அண்ணா,

வேல்ஸின் பான்டிப்ரீத் ஊர் ரக்பி பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதைப் படிக்கிறேன். இப்போது அதன் பக்கத்திலேயே, ட்ரெஃபாரஸ்டில் எம்.எஸ்ஸி. படிக்கிறேன். வீட்டு ஓனருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும், ரக்பி என்றால் பைத்தியம். வேல்ஸ் ஆடும் நாளில் டிவி முன்னாலிருந்து அவரை எழுப்பவே முடியாது. ஆனால் வேல்ஸின் நாலு தொழில்முறை அணிகளில் உங்கள் அணி எது என்று கேட்டால், "நாலில் ஒன்றும் என் டீம் இல்லை, என் டீமை 2004-இல் கொன்றுவிட்டார்கள்" என்கிறார். கார்டிஃப் ரயிலில் அரை மணி நேரத் தூரம், அங்கே சர்வதேச வீரர்கள் ஆடுகிறார்கள். இவர் சனிக்கிழமை மழையில் நனைந்துகொண்டு பான்டிப்ரீத் கிளப்பின் சார்டிஸ் ரோடு மைதானத்துக்குப் போகிறார். மதுரை, கோவை, நெல்லை எல்லாரும் சிஎஸ்கே என்று சேர்ந்துகொள்ளவில்லையா? ஒரு சின்ன நாட்டில் ஊருக்கு ஊர் பிரிந்து கிடப்பதைவிட நாலு பலமான அணிகள் இருப்பதுதானே புத்திசாலித்தனம்? எனக்கு இது வெறும் ஊர்ப் பிடிவாதமாகத்தான் படுகிறது. அடுத்த ஆட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார். போகலாமா?

அன்புடன்,
கா.

*

அன்புள்ள கா.,

பிடிவாதம்தான், அதை நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் அந்தப் பிடிவாதத்துக்கு வரலாறு இருக்கிறது, கொஞ்சம் கணக்கும் இருக்கிறது.

முதலில் சிஎஸ்கே. 2008-இல் அது வந்தபோது மதுரைக்காரர் தலைமுறை தலைமுறையாகப் போய் நின்று கத்திய ஓர் அணியை மூடிவிட்டு வரவில்லை. காலியாகக் கிடந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. இங்கே அப்படி இல்லை. பான்டிப்ரீத் கிளப் தொடங்கியது 1876-இல். நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் ஊருக்கு ஒரு சுரங்கம், ஒரு சேப்பல் (சின்னச் சர்ச்), ஒரு ரக்பி கிளப் என்று இருந்த காலம் அது. சுரங்கங்கள் அநேகமாக எல்லாம் மூடியாகிவிட்டன, சேப்பல்கள் பாதி ஃபிளாட்டுகளாகிவிட்டன. மிச்சம் இருப்பது கிளப்தான். தேசிய லீக் என்று ஒன்று வந்ததே 1990-இல். அதற்கு முன்னால் கிளப்புகளே ஒன்றோடொன்று பேசி ஆட்டம் வைத்துக்கொள்ளும். வருஷா வருஷம் அதே பக்கத்து ஊர்கள், அதே பழைய பகை.

இந்தப் பகையைப் புரிந்துகொள்ளாமல் உங்கள் ஓனரைப் புரிந்துகொள்ள முடியாது. பான்டியை (பான்டிப்ரீத்தைச் சுருக்கி அப்படித்தான் சொல்வார்கள்) ஆதரிப்பதில் பாதி, கார்டிஃபைப் பிடிக்காமல் இருப்பது. கார்டிஃப் என்றால் துறைமுகம், ஆபீஸ், பணம். பள்ளத்தாக்கில் வெட்டிய நிலக்கரி அங்கே போய்த்தான் காசானது. ரக்பியிலும் அதே கதைதான். இங்கே ஒரு பையன் நன்றாக ஆடத் தொடங்கினால் கார்டிஃபிலிருந்து ஆள் வந்துவிடும். நீல் ஜென்கின்ஸ் பக்கத்திலிருக்கும் சர்ச் வில்லேஜ் ஊர்ப் பையன். சர்வதேச ஆட்டங்களில் ஆயிரம் புள்ளிகளைத் தொட்ட முதல் மனிதர். அவரே 1999-இல் கார்டிஃபுக்குப் போனார். அப்புறம் திரும்பி வந்தார் என்பதால் மன்னித்துவிட்டார்கள். எல்லாருக்கும் அந்த மன்னிப்பு கிடைப்பதில்லை.

ஆனாலும் இது ஏழைச் சின்ன கிளப்பின் கதை இல்லை. பான்டி ஜெயித்த கிளப். 1996-இல் இன்னொரு வேல்ஸ் கிளப்பான நீத்தை 29-22 என்று வீழ்த்தி வேல்ஸ் கோப்பை, அடுத்த வருஷமே லீக் பட்டம். 1997-இல் அப்போதைய ஐரோப்பிய சாம்பியன் பிரீவோடு பிரான்சில் ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள். மைதானத்தில் தொடங்கிய அடிதடி அன்றிரவு ஒரு பாரில் தொடர்ந்தது. இந்த ஊரில் ஒரு குறிப்பிட்ட வயதுக்காரர்களிடம் பிரீவ் என்று சொல்லிப் பாருங்கள், உங்கள் மாலைப்பொழுது அதோடு போயிற்று. 2002-இல் மறுபடியும் வேல்ஸ் கோப்பை. இறுதி ஆட்டத்தில் லனெத்லியை 20-17 என்று தோற்கடித்தார்கள். அதே மாதம் ஆக்ஸ்ஃபோர்டில் ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கோப்பைக்கான இறுதியில் சேல் அணியிடம் 25-22 என்று தோற்றார்கள். அந்த அணியில் பாதிப்பேர் உங்கள் காலேஜ் பஸ் போகிற வழியில் வளர்ந்த பையன்கள்.

சரி, அப்புறம் எப்படி இல்லாமல் போனது?

1995-இல் ரக்பி தொழில்முறை ஆட்டமானது. முப்பது லட்சம் பேர் வாழும் நாட்டில் ஒன்பது கிளப்புகள் மேல்மட்டத்தில் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தன. நீங்கள் சொல்கிற புத்திசாலித்தனம் இங்கேதான் வருகிறது. வேல்ஸ் ரக்பி யூனியன் 2003-இல் ஒன்பதை ஐந்தாக்கியது. கணக்காகப் பார்த்தால் சரியான முடிவு, இதை உங்கள் ஓனர் முன்னாலும் சொல்வேன் (சொல்லியும் இருக்கிறேன், பதிலுக்கு ஒரு முறைப்புதான் கிடைத்தது). தவறு, அதைச் செய்த விதத்தில். கார்டிஃபும் லனெத்லியும் தங்கள் பெயரோடு தனியாகவே நிற்கலாம் என்று ஆயிற்று. மற்றவர்கள்தான் சேர வேண்டும். உதாரணமாக, நீத்தும் ஸ்வான்ஸீயும் ஒன்று, பான்டிப்ரீத்தும் பிரிட்ஜெண்டும் ஒன்று. எத்தனையோ வருஷமாக வெட்டுக்குத்தாக இருந்த பங்காளிகளை ஒரே வீட்டில் குடிவைத்து, வாசலில் புதுப் பெயர்ப்பலகை மாட்டி, இனி இதுதான் உங்கள் குடும்பம் என்று சொன்னால் எப்படி இருக்கும்?

பெயர்ப்பலகை: செல்டிக் வாரியர்ஸ். உள்ளூர் ஆட்டங்களில் பெரும்பாலானவை பிரிட்ஜெண்டில். அதாவது பான்டிக்காரர் தன் சொந்த அணியின் ஆட்டத்தைப் பார்க்க எதிரி மைதானத்துக்குப் போக வேண்டும். நிறையப் பேர் போகவில்லை. இதற்கிடையில் கிளப்பே பணமில்லாமல் நொடித்து, அந்தக் கூட்டணியில் தனக்கிருந்த பாதிப் பங்கையும் விட்டுக்கொடுத்தது. யூனியனை மட்டும் வில்லனாக்குகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். பான்டியின் கஜானா காலியானதற்கு யூனியன் மட்டும் பொறுப்பில்லை.

வேடிக்கை என்னவென்றால், வாரியர்ஸ் நன்றாகவே ஆடினார்கள். 2004 ஜனவரியில் வாஸ்ப்ஸ் அணியை இங்கிலாந்துக்கே போய் 14-9 என்று ஜெயித்தார்கள். அந்த சீசனில் ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியதே வாஸ்ப்ஸ்தான். ஆனாலும் அந்தக் கோடையில் யூனியன் வாரியர்ஸை இழுத்து மூடியது. ஒரே ஒரு சீசன். வீரர்கள் மற்ற நாலு அணிகளுக்கும் வேறு ஊர்களுக்குமாகச் சிதறினார்கள். வரைபடத்தில் இந்தப் பள்ளத்தாக்கு கார்டிஃப் அணியின் எல்லைக்குள் போனது. அரை மணி நேர ரயில் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அந்த ரயிலில் ஏறுவது என்றால் உங்கள் ஓனருக்கு அந்த வரைபடத்தில் கையெழுத்துப் போடுவது மாதிரி.

அடுத்த வருஷம் நடந்ததை அவரிடம் கேட்டுப் பாருங்கள். 2005 மார்ச் 19, கார்டிஃபில் அயர்லாந்தோடு ஆறு நாடுகள் (சிக்ஸ் நேஷன்ஸ்) போட்டியின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் 1978-க்குப் பிறகு வேல்ஸின் முதல் கிராண்ட் ஸ்லாம், அதாவது அந்தப் போட்டியின் எல்லா ஆட்டத்திலும் வெற்றி. கேப்டன் கேரத் தாமஸுக்குக் காயம், அன்று தலைமை மைக்கேல் ஓவனுக்கு. முதல் ட்ரை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது), அயர்லாந்து உதைத்த பந்தைத் தடுத்து விழுந்து கெதின் ஜென்கின்ஸ் போட்டது. இரண்டாவது கெவின் மார்கன். 32-20. மூன்று பேருமே பான்டியின் கறுப்பு வெள்ளைப் பட்டைச் சட்டையைப் போட்டு ஆடியவர்கள். அணியை மூடி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான் அதெல்லாம் முடிந்த பிறகு இந்த ஊருக்கு வந்தவன். எனக்கு இந்தக் கதையைச் சொன்னவர்கள் யாரும் அதைச் சந்தோஷமாகவோ சோகமாகவோ மட்டும் சொன்னதில்லை. நாடு ஜெயித்தது, அதில் பாதி எங்களுடையது, ஆனால் எங்களிடம் ஒன்றும் இல்லை என்கிற மாதிரி ஒரு குரல். உங்கள் ஓனர் வேல்ஸ் ஆட்டத்தை மட்டும் ஏன் விடாமல் பார்க்கிறார் என்பதற்கும் இதுதான் பதில் என்று நினைக்கிறேன். தன் ஊர்ப் பையன்களை அவர் மனக்கசப்பு இல்லாமல் பார்க்கக்கூடிய ஒரே சட்டை அந்தச் சிவப்புச் சட்டைதான்.

நாலு அணித் திட்டம் தோல்வி என்றும் சொல்ல மாட்டேன். தேசிய அணி 2008, 2012, 2019 என்று மேலும் மூன்று கிராண்ட் ஸ்லாம் எடுத்தது. ஸ்வான்ஸீ பக்கத்து ஆஸ்ப்ரீஸ் நாலு முறை லீக் பட்டம் வாங்கியது. ஆனால் அணிகளைக் குறைப்பது ஒருமுறையோடு நிற்பதில்லை. 2025 ஏப்ரலில் கார்டிஃப் அணியே திவாலாகி யூனியன் கைக்குப் போனது. அதே வருஷம் அக்டோபரில், நாலை மூன்றாக்கப் போவதாக யூனியன் அறிவித்தது. 2004-இல் பான்டிக்காரர்களைப் பார்த்து "அழாதீர்கள், இது தொழில்" என்று சொன்னவர்கள் பலரும் இப்போது எங்கள் அணி என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் ஓனர் சொல்வதிலும் ஒரு திருத்தம் இருக்கிறது. கொன்றுவிட்டார்கள் என்கிறாரே, பிறகு சனிக்கிழமை எங்கே போகிறார்? கூட்டணிதான் செத்தது, கிளப் சாகவில்லை. கீழே இறங்கி, பகுதிநேர வீரர்களோடு ஆடி, 2012 முதல் 2015 வரை தொடர்ந்து வேல்ஸ் பிரீமியர்ஷிப் பட்டம் வாங்கியது. 2024-இல் அதற்கு மேல் சூப்பர் ரக்பி கம்ரி என்று புதிதாகப் பத்து அணி லீக் தொடங்கினார்கள், அதில் பான்டி இல்லை. எனக்கே அது எரிச்சல்தான். இருந்தாலும் கூட்டம் வருகிறது. வேலைநாளில் பிளம்பராகவோ வாத்தியாராகவோ இருக்கும் ஒருவர் சேற்றில் விழுந்து எழுகிறார், அவருடைய அப்பா வேலியோரம் நின்று ரெஃபரியைத் திட்டுகிறார், டிக்கெட் கிழிப்பவர், பார் நடத்துபவர், ராஃபிள் சீட்டு விற்பவர் எல்லாரும் சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறவர்கள். கார்டிஃபில் ஆட்டத்தின் தரம் பல மடங்கு அதிகம், சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே உங்கள் ஓனர் டிக்கெட் வாங்கிய ஒருவர். இங்கே அவர் வராவிட்டால் மூன்று பேர் போன் செய்து உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள்.

கட்டாயம் போங்கள். மழைக்கோட்டும் கெட்டியான ஷூவும் வேண்டும், குடை கூடாது, பின்னால் நிற்பவர் திட்டுவார். விதி தெரியாவிட்டால் அவரிடமே கேளுங்கள், ஸ்க்ரம்மில் (இரண்டு அணியும் குனிந்து முட்டித் தள்ளுவது) என்ன நடக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள், அது அவருக்கும் முழுசாகத் தெரியாது. இடைவேளையில் அவர் வாங்கித் தருவார், அடுத்தது நீங்கள் வாங்க வேண்டும், குடிக்கிறவராக இல்லையென்றால் டீயும் கிடைக்கும். கார்டிஃபில் வாங்கிய நீல ஜாக்கெட் ஏதாவது இருந்தால் அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.