தனிப்பயிற்சியில் என் மாணவன் எதைக் கேட்டாலும் "தெரியாது" என்கிறான். எப்படி ஆர்வம் வரவைப்பது?

பெரும்பாலும் சோம்பலைவிடப் பயம்தான் காரணம். "தெரியாது" என்று சொல்லிவிட்டால் தப்பு செய்ய வேண்டியதில்லை அல்லவா? அதனால் ஏன் படிக்கவில்லை என்ற விசாரணையை விடுங்கள். அவனால் நிச்சயம் போட முடிகிற கணக்கில் ஆரம்பியுங்கள், அது இரண்டு வகுப்பு கீழே இருந்தாலும் சரி. எந்தக் கணக்கு முதலில் என்பதை அவனே முடிவு செய்யட்டும்.

தப்பு வரும்போதுதான் நல்ல வாய்ப்பு. 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுகிறான் என்று வையுங்கள். உடனே பகுதிகளைச் சமப்படுத்தும் பாடத்தை எடுத்துவிடாதீர்கள். "1/2 பெரிதா, 2/5 பெரிதா?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். கூட்டிய பிறகு எண் எப்படிச் சின்னதானது என்று பெரும்பாலும் அவனே பென்சிலைக் கீழே வைத்துவிட்டு யோசிப்பான். அந்த மௌனத்தில் நமக்குத்தான் வாய் துறுதுறுக்கும் (சொல்லிக் கொடுக்கிறவர்களின் வியாதி இது). பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பரிசு. உளவியலாளர்கள் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள், பிறகு தாமாக வரைவதைக் குறைத்துக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் ஏற்கெனவே வரைய ஆசைப்பட்டவர்கள். துளியும் ஆர்வமில்லாதவனை உட்காரவைக்கச் சின்னப் பரிசு தப்பில்லை என்பது என் கருத்து. அவனே கேள்வி கேட்கத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள்.