மற்றவர் வருமானம் ஏறினால் நமக்கு என்ன நஷ்டம்?

"என் வருமானம் குறையவில்லை, வேறு சிலருடையது மட்டும் ஏறுகிறது. இதில் எனக்கென்ன நஷ்டம்? ஏற்றத்தாழ்வைப் பற்றிப் பேசுவது வெறும் பொறாமைதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பொறாமை என்று ஒதுக்கிவிட முடியாது. நான் குன்னூர் பக்கம் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் வளர்ந்தவள். அம்மா கொழுந்து பறித்தார். மேட்டில் துரை பங்களா இருந்தது. அதை நினைத்து லைனில் யாரும் தூக்கம் கெட்டதில்லை. மனது ஒப்பிடுவது பக்கத்தில் நிற்கிறவரோடுதான். பிரிட்டிஷ் சமூகவியலாளர் ரன்சிமன் 1966-ல் இதைத் தெளிவாக எழுதினார்: நம்மைப் போன்ற ஒருவரிடம் ஒன்று இருக்கிறது, நமக்கும் அது வேண்டும், நமக்கும் கிடைக்கக்கூடியதுதான் என்று தோன்றுகிறது, அப்போதுதான் இல்லாமை உறுத்தும்.

எங்கள் தோட்டத்தில் எடை போடும்போது ஒவ்வொருவரின் கிலோவையும் எல்லோர் முன்னாலும் சொல்வார்கள். கூடப் பறித்தவருக்குக் கூடக் காசு. "அவளுக்குக் கை ஓடுது, வாங்குறா" என்பார் அம்மா. அதோடு பேச்சு முடிந்துவிடும். அப்புறம் ஒப்பந்த ஆட்கள் வந்தார்கள். அதே செடி, அதே வேலை, ஆனால் நாள் கூலி குறைவு. ஏன் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. கூடையில் முற்றல் இலை சேர ஆரம்பித்தது. காரணம் சொல்லாமல் லீவு எடுத்தார்கள். அதைவிட எனக்கு வலித்தது, இரண்டு தரப்புப் பெண்களும் ஒருவர் குழந்தையை இன்னொருவர் பார்த்துக்கொள்ளும் வழக்கம் நின்றுபோனதுதான்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமல்ல. எமிலி பிரேசா, சுப்ரீத் கௌர், யோகிதா ஷம்தாசானி என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் ஒடிசாவில் தொழிலாளர்களிடையே சோதித்து 2018-ல் வெளியிட்ட ஆய்வு கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது. ஒரே குழுவில் ஆளுக்கொரு கூலி கொடுத்தபோது, குறைவாக வாங்கியவர்களின் உற்பத்தியும் வருகையும் சரிந்தன. யார் எவ்வளவு வேலை செய்கிறார் என்பது கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் அந்தச் சரிவு இல்லை. ஆக, வித்தியாசம் இருப்பதைவிட, காரணம் தெரியாத வித்தியாசம்தான் ஆளைக் குலைக்கிறது என்று நான் நம்புகிறேன்.

சமூகநலனுக்கு வருவோம். சராசரி வருமானத்தை மட்டும் பார்த்தால் போதாது என்றார் அமர்த்தியா சென். ஏற்றத்தாழ்வை அளக்க ஜினி என்று ஒரு குறியீடு உண்டு. எல்லோருக்கும் சமமென்றால் 0, எல்லாமே ஒருவர் கையிலென்றால் 1. சராசரியை, 1-லிருந்து ஜினியைக் கழித்து வரும் எண்ணால் பெருக்குங்கள்; அதுவே நலன் என்பது அவர் கணக்கு. ஓர் ஊரில் சராசரி 20,000 ரூபாய், ஜினி 0.4 என்று வைத்துக்கொள்வோம். நலன் 12,000. சராசரி 22,000 ஆகி, ஜினியும் 0.5 ஆகிவிட்டால்? நலன் 11,000. பணம் கூடியிருக்கிறது, ஊர் கீழே இறங்கியிருக்கிறது. மீதியை, அதாவது சராசரி பெருக்கல் ஜினியை, ஒப்பிட்டுப் பார்ப்பதால் வரும் இழப்பின் அளவாகவே கொள்ளலாம் என்று ஷ்லோமோ யிட்சாகி என்ற பொருளாதார அறிஞர் 1979-ல் காட்டினார். முதலில் 8,000 ஆக இருந்த அந்த இழப்பு பிறகு 11,000.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதுதான்: நஷ்டம் பர்ஸிலும் விழும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் ரோட்டோர நிலத்தை ரிசார்ட்டுக்கு விற்றவர் மண்டபம் பிடித்துக் கல்யாணம் செய்கிறார். பச்சைத் தேயிலை விலையை நம்பி அரை ஏக்கர் வைத்திருக்கும் அவருடைய பங்காளி, வீட்டு வாசலில் பந்தல் போட்டால் சம்பந்தி வீட்டில் மதிப்பு இருக்காது என்று பயப்படுகிறார். குழுக் கடன் எடுக்கிறார். அவருக்கு ஆடம்பர ஆசை கிடையாது. ஊரில் மரியாதையோடு இருப்பதற்கான விலை ஏறிவிட்டது. அவரைப் பொறாமைக்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

எல்லோருக்கும் ஒரே தரத்தில் கிடைக்கும் பொதுச் சேவை இந்த ஒப்பீட்டைக் கொஞ்சம் குறைக்கும். 2024-ல் மலைப்பகுதிக்கும் வந்த பெண்களுக்கான இலவசப் பேருந்துப் பயணம் ஒரு நல்ல உதாரணம்: கொழுந்து பறிக்கும் அக்காவும் பேங்க் அம்மாவும் ஒரே பஸ், ஒரே சீட்டு. பள்ளிக்கூடத்தில் அது நடக்கவில்லை. எனக்குத் தெரிந்த லைன் வீடுகளில் இன்றும் கல்யாணத்துக்கு அடுத்தபடியாகக் கடன் வாங்குவது இங்கிலீஷ் மீடியம் ஃபீஸுக்குத்தான்.