வாசகர் கேள்வி – பதில்: பழைய ஹார்ட் டிஸ்க்கை விற்பதா, உடைப்பதா?

புதுக் கொம்பியூட்டர் வாங்கிவிட்டோம். பழையதைப் பம்பலப்பிட்டியில் ஒரு கடைக்குக் கொடுக்கப்போகிறோம். போட்டோக்கள், பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஸ்கான் எல்லாவற்றையும் டிலீட் செய்து, போர்மட்டும் அடித்துவிட்டேன். இனிப் பயமில்லையே?
– வெள்ளவத்தை வாசகி

பயம் இருக்கிறது. டிலீட் செய்யும்போது விண்டோஸ் அந்தப் பைலைத் தொடுவதே இல்லை. பைல் எங்கே கிடக்கிறது என்று எழுதிவைத்த அட்டவணையில் 'இந்த இடம் காலி' என்று குறித்துவிடுகிறது, அவ்வளவுதான். குவிக் போர்மட்டும் புதிய அட்டவணை ஒன்றைப் போடுவதோடு நின்றுவிடும். ரெகுவா, போட்டோரெக் போன்ற இலவச மென்பொருளை ஓடவிட்டால் பாடசாலைப் பிள்ளைகூட அந்தப் பாஸ்போர்ட்டை மீட்டெடுத்துவிடும்.

நீங்கள் அடித்தது எந்தப் போர்மட்? அரை நிமிடத்தில் முடிந்திருந்தால் அது குவிக். மணிக்கணக்கில் ஓடியிருந்தால் முழுப் போர்மட். விஸ்டா முதல் வந்த விண்டோஸ்கள் முழுப் போர்மட்டில் எல்லா இடத்திலும் பூச்சியம் எழுதும். அப்போதும் நீங்கள் தெரிவுசெய்த பகுதிக்கு மட்டும்தான். 'டி' டிரைவில் இருந்த கல்யாண ஆல்பம் அப்படியே இருக்கும்.

விண்டோஸோடு முழுக் கொம்பியூட்டரையும் கொடுப்பதானால், செட்டிங்ஸில் 'ரீசெட் திஸ் பீசீ', அடுத்து 'ரிமூவ் எவ்ரிதிங்' என்று போங்கள். அங்கே 'சேஞ்ச் செட்டிங்ஸ்' என்பதைத் திறந்து 'கிளீன் டேட்டா'வை 'யெஸ்' ஆக்குங்கள். பலர் தவறவிடும் இடம் இதுதான். அதை மாற்றாவிட்டால் நடப்பது வெறும் டிலீட். ஒன்றுக்கு மேற்பட்ட டிரைவ் இருந்தால் எல்லா டிரைவையும் அழிக்கும் தெரிவும் அதே இடத்தில் இருக்கும்.

டிஸ்க்கைத் தனியாக விற்பதானால் இன்னொரு கொம்பியூட்டரில் மாட்டி, கமாண்ட் புரொம்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து 'டிஸ்க்பார்ட்' (diskpart) என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். பிறகு 'லிஸ்ட் டிஸ்க்' (list disk). வரும் பட்டியலில் கொள்ளளவைப் பார்த்து உங்கள் டிஸ்க்கின் இலக்கத்தைக் கண்டுபிடித்து, 'செலக்ட் டிஸ்க்' (select disk) என்பதோடு அந்த இலக்கத்தைக் கொடுங்கள். மறுபடியும் 'லிஸ்ட் டிஸ்க்' அடித்தால் தெரிவான டிஸ்க்கின் முன்னால் நட்சத்திரக் குறி நிற்கும். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் 'கிளீன் ஆல்' (clean all). 'கிளீன்' என்று மட்டும் அடித்தால் அட்டவணைதான் போகும்; 'ஆல்' சேர்த்தால்தான் முழு டிஸ்க்கும் அழியும். எந்தக் கேள்வியும் கேட்காமல் உடனே தொடங்கிவிடும் என்பதால், முடிந்தால் மற்ற யூ.எஸ்.பி. டிரைவ்களைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள். 500 ஜீ.பி. டிஸ்க், கொம்பியூட்டருக்குள் நேரடி சாட்டா இணைப்பில் ஏறக்குறைய 2 மணித்தியாலம் எடுக்கும். பழைய யூ.எஸ்.பி. 2 கேபிள் என்றால் 4 மணித்தியாலத்துக்கு மேல். திரையில் எதுவும் அசையாது. தொங்கிவிட்டது என்று நினைத்து வயரை இழுத்துவிடாதீர்கள்.

ஒரு தடவை எழுதினால் போதும். 35 தடவை மேலெழுத வேண்டும் என்ற பேச்சு 1996இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரையிலிருந்து கிளம்பியது. அன்றைய டிஸ்க்குகளுக்கு உரிய கணக்கு அது. இன்றைய டிஸ்க்கில் அதைச் செய்வது மின்சாரக் கட்டணத்தைக் கூட்டும் வேலை. முடிந்ததும் டிஸ்க்கில் புதிய பகுதி ஒன்றைப் போட்டு, குவிக் போர்மட் அடித்து, ரெகுவாவை நீங்களே ஓடவிட்டுப் பாருங்கள். உங்கள் பழைய பைல் ஒன்றின் பெயர்கூட வரக்கூடாது.

என் டிஸ்க் 'டிக் டிக்' என்று அடிக்கிறது, கொம்பியூட்டர் அதைக் காணவே இல்லை. வியாபாரக் கணக்குகள் அதற்குள் இருக்கின்றன. காந்தம் வைத்தால் அழியும் என்கிறார் ஒருவர். கடலில் எறி என்கிறார் இன்னொருவர்.
– கொட்டாஞ்சேனை வாசகர்

இரண்டும் வேண்டாம். ஹார்ட் டிஸ்க்குக்குள்ளேயே இரண்டு நியோடிமியம் காந்தங்கள், தரவு எழுதப்படும் தகட்டிலிருந்து ஒரு விரல் தூரத்தில், ஆயுள் முழுக்க இருக்கின்றன. அதற்கு அழியாத தரவு ஸ்பீக்கர் காந்தத்துக்கு அழியப்போவதில்லை. கடல் நீர் வெளியே தெரியும் பச்சை மின்சுற்றுப் பலகையையும் மோட்டாரையும்தான் கெடுக்கும். தகட்டில் எழுதியது அப்படியே இருக்கும். நீரில் கிடந்த டிஸ்க்கிலிருந்து ஆய்வுகூடங்கள் தரவு எடுத்திருக்கின்றன. குப்பையோடு கொளுத்துவது எல்லாவற்றிலும் மோசம். பச்சைப் பலகையில் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் புரோமின் சேர்மங்கள் எரியும்போது வரும் புகை நஞ்சு.

முதலில் ஒன்று: அந்தக் கணக்குகளுக்கு வேறு கொப்பி (பிரதி) இருக்கிறதா? இல்லையென்றால் டிஸ்க்குக்கு இனி மின்சாரம் கொடுக்காதீர்கள். 'டிக் டிக்' சத்தம் பெரும்பாலும் வாசிக்கும் தலை பழுதானதால் வருவது. ஒவ்வொரு முறை ஓடவிடும்போதும் அது தகட்டைச் சுரண்டக்கூடும். அதே மாடல் டிஸ்க்கின் பலகையைக் கழற்றிப் பூட்டினால் சரியாகும் என்று யாரும் சொன்னாலும் செய்யவேண்டாம். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவீடுகள் அதன் பலகையில் உள்ள ரொம் சிப்பில் இருப்பதால், அதை மாற்றி ஒட்டாமல் பலகையை மட்டும் மாற்றிப் பயனில்லை.

கொப்பி இருக்கிறது, அழித்தால் போதும் என்றால் உடைக்கலாம். மேசைக் கொம்பியூட்டரின் 3.5 அங்குல டிஸ்க்கில் பெரும்பாலும் அலுமினியத் தகடு. பின்னாலுள்ள பச்சைப் பலகையை முதலில் கழற்றிவிடுங்கள். அதைத் துளைத்தால் பறப்பது கண்ணாடி இழைத் தூசு. பிறகு டிஸ்க்கை வைஸில் இறுக்கி, நடுவிலுள்ள மோட்டாருக்கும் விளிம்புக்கும் இடையில், 6 முதல் 8 மில்லிமீற்றர் இரும்பு டிரில் பிற்றால் 3, 4 துளைகள் போடுங்கள். துளை எல்லாத் தகடுகளையும் கடந்து மறுபக்கம் வரவேண்டும்.

டிரில் இல்லையா? டீ8 டொர்க்ஸ் பிற் ஒன்று போதும். சில டிஸ்க்குகளுக்கு டீ6 அல்லது டீ9 தேவைப்படும். விளிம்பு ஸ்குரூ எல்லாம் கழன்றும் மூடி அசையாவிட்டால் நெம்பாதீர்கள். மேல் ஸ்டிக்கரை விரலால் அழுத்தித் தடவிக்கொண்டு போனால் ஓரிடம் பொத்தென்று உள்வாங்கும். அந்த இடத்தில் ஸ்டிக்கரைக் கிழித்தால் மறைந்திருக்கும் ஸ்குரூ தெரியும். தகடுகளைக் கழற்றி, இருபக்கமும் உப்புத்தாளால் தேய்த்து, குறட்டால் மடக்கிவிடுங்கள்.

லப்டொப்பின் 2.5 அங்குல டிஸ்க்கை மட்டும் திறந்து தகட்டை வளைக்கவே கூடாது. அது பெரும்பாலும் கண்ணாடி. கையிலேயே ஊசி ஊசியாகச் சிதறும். மூடியைக் கழற்றாமல் தடித்த சாக்கில் சுற்றி, கண் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மூடியின் மேல் தடித்த ஆணியை வைத்துச் சுத்தியலால் இரண்டு மூன்று இடத்தில் அடியுங்கள். குலுக்கிப் பார்த்தால் சலசல என்று கேட்க வேண்டும்.

மிச்சத்தை மாநகர சபைக் குப்பையில் போடாதீர்கள். இலத்திரனியல் கழிவு சேகரிக்க மத்திய சுற்றாடல் அதிகாரசபை அனுமதிப்பத்திரம் வழங்குகிறது. பத்தரமுல்லையிலுள்ள அதன் அலுவலகத்தில் அனுமதி பெற்றவர்களின் பட்டியல் கேளுங்கள்.

டியூட்டரி அலுவலகத்து லப்டொப்பில் எஸ்.எஸ்.டி. இருக்கிறது. அதற்கும் இதே முறைதானா?
– தெஹிவளை வாசகர்

இல்லை. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தகடு இல்லை, சிப்புகளிலுள்ள செல்களில்தான் தரவு எழுதப்படும். தேய்மானத்தைச் சமப்படுத்த, நீங்கள் எழுதச் சொன்ன இடத்தில் எழுதாமல் அது வேறு செல்லில் எழுதும். உங்களுக்குக் காட்டாத உபரிச் செல்களும் அதில் உண்டு. பூச்சியம் எழுதினாலும் பழையது எங்காவது எஞ்சலாம். தயாரிப்பாளரின் மென்பொருளிலோ பயோஸிலோ (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) உள்ள 'செக்கியூர் இரேஸ்' தான் இதற்குரிய வழி. பெரும்பாலும் ஓரிரு நிமிட வேலை. யூ.எஸ்.பி. பெட்டியில் போட்டுச் செய்தால் அடிக்கடி மறுக்கும், லப்டொப்புக்குள் வைத்தே செய்யுங்கள். விண்டோஸில் தரவைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கரை முன்பே போட்டிருந்தால் இன்னும் நல்லது. திறவுகோல் அழிந்தால் மிஞ்சுவது குழம்பிய எழுத்துதான். உடைப்பதானால் ஒரு துளை போதாது, ஒவ்வொரு கறுப்புச் சிப்பும் நொறுங்கவேண்டும்.

மாணவர் விபரம் வைத்திருப்பவர்கள் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒருமுறை வாசித்துவிடுவது நல்லது.

சீசீடீவி பெட்டியிலிருந்து கழற்றிய 1 டீ.பி. டிஸ்க்கும், லப்டொப்பில் கழற்றிய 320 ஜீ.பி. டிஸ்க்கும் சும்மா கிடக்கின்றன. பயன்படுத்தலாமா?
– வத்தளை வாசகர்

தாராளமாக. ஆனால் முதலில் டிஸ்க்கின் நலம் காட்டும் இலவச மென்பொருளான கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் பாருங்கள். 05 (கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்கள்), சி5 (சந்தேகமான இடங்கள்), சி6 (வாசிக்க முடியாத இடங்கள்) என்ற மூன்று வரிகளும் பூச்சியமாக இருக்கவேண்டும். அது இலக்கங்களை 16இன் அடியில் காட்டும். '10' என்று கண்டால் உண்மையில் 16. சி5 மட்டும் ஓரிரண்டு காட்டினால் 'கிளீன் ஆல்' அடித்துவிட்டு மறுபடி பாருங்கள். சி5 பூச்சியமாகி, 05 கூடாமல் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். 05 கூடிக்கொண்டே போனால் விடுங்கள். கேபிளில் வரும் பிழைகளைக் காட்டும் சி7 கூடினால் டிஸ்க்கைத் திட்டாதீர்கள், கேபிளை மாற்றுங்கள்.

சீசீடீவி டிஸ்க்கை மாட்டியதும் விண்டோஸ் 'இனிஷியலைஸ்' கேட்கும். கமெரா பெட்டி எழுதும் முறை அதற்குப் புரியாது. பழைய பதிவு தேவையில்லையென்றால் சம்மதிக்கலாம். இரவு பகலாக ஓடியது என்பதால், கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவின் 09 வரியில் ஓடிய மணித்தியாலம் அதிகம் இருக்கும்.

லப்டொப் டிஸ்க்குக்கு யூ.எஸ்.பி. பெட்டி வாங்கினால் போதும், 5 வோல்ட்டில் ஓடும். 1 டீ.பி. டிஸ்க் 3.5 அங்குலமானால் தனி 12 வோல்ட் அடப்டரோடு வரும் பெட்டியே வேண்டும். 2 அம்பியருக்குக் குறைந்த அடப்டர் கொடுத்தால் மோட்டார் கிளம்பும்போதே தடுமாறி டிஸ்க் மறைந்து மறைந்து வரும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கும்போது அடப்டர் ஸ்டிக்கரைப் படித்துப் பாருங்கள்.

இரண்டாவது கொப்பிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கொப்பியைப் பழைய டிஸ்க்கில் நம்பி வைக்கவேண்டாம். கடற்கரைக் காற்று படும் வீடென்றால் சிலிக்கா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாட்டிப் பாருங்கள். காணாமல் போனால், பச்சைப் பலகையைக் கழற்றி, அதன் உட்புறத்தில் கறுத்துப்போன தொடுபுள்ளிகளைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பப் பூட்டுங்கள். தொடுபுள்ளி கறுத்தது மட்டும்தான் கோளாறு என்றால் அதிலேயே உயிர் வந்துவிடும்.